துக்கம் விசாரித்தல்

கேள்வி: எனக்கு 48 வயது. நங்கநல்லூரில் இருக்கிறேன், வங்கியில் வேலை. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட என் அம்மாவை மூன்று வருடம் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தலைப்பக்கம் நான் பிடிப்பேன், கால்பக்கம் என் கணவர். ஏழு மாதம் முன்பு அம்மா போய்விட்டார். இன்னமும் ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடுகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தேன். செல்போனில் ஒரு தியானச் செயலி, அப்புறம் புத்தரைப் பற்றிக் காணொளிகள், புத்தகங்கள் என்று மனம் அங்கேயே போகிறது. ஆனால் எட்டு நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. நெஞ்சை அடைத்துக்கொண்டு அழுகை வருகிறது, எழுந்துவிடுகிறேன். விபஸ்ஸனா, ஜென், திபெத்திய முறை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கான பாதை எது? புத்த மதத்துக்கு மாற வேண்டுமா? இப்போதெல்லாம் பூஜை அறையில் விளக்கேற்றும்போது பொய் சொல்வது போல இருக்கிறது. பத்து நாள் தியான முகாமுக்குப் போக ஆசை. கணவரோ, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு, அதுக்குள்ள பத்து நாள் எங்கேயோ போறேங்கிற. நம்ம ஊர்ல இல்லாத சாமியா?" என்கிறார். நான் தப்பித்து ஓடுகிறேனா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த ராத்திரி இரண்டு மணியைப் பேசிவிடலாம். பாதை, மதம், முகாம் எல்லாம் அப்புறம்.

மூன்று வருடம் ஒரு உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் எழுப்பி வேலை வாங்கினால் அது பழகிக்கொள்ளும். அம்மா போய்விட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். உடம்பு இன்னும் டியூட்டியில் இருக்கிறது. நீண்ட நாள் நோயாளியைக் கவனித்த பலர் என் ஆலோசனை அறையில் உட்கார்ந்து இதையே வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். மாத்திரை நேரம் வந்தால் கை தானாக டப்பாவைத் தேடும். டயாலிசிஸ் கிழமை என்றால் விடியும் முன்பே எழுந்து குளித்துவிட்டு, எங்கும் போக வேண்டியதில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும். இதில் பயப்பட ஒன்றும் இல்லை, தானாகத் தேயும்.

ஆனால் தேய விடாமல் ஒரு காரியம் செய்கிறீர்கள். விழிப்பு வந்ததும் எழுந்து தியானத்தில் உட்கார்ந்துவிடுகிறீர்கள். இரண்டு மணிக்கு எழுந்தால் ஒரு வேலை காத்திருக்கிறது என்று உடம்புக்கு மறுபடியும் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பழைய டியூட்டி போய்ப் புது டியூட்டி. அதனால் தியானத்தை அந்த நேரத்திலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். காலை ஐந்தரை, இல்லையென்றால் வங்கியிலிருந்து வந்து முகம் கழுவியதும். எது முடியுமோ அது.

சரி, இரண்டு மணிக்கு என்ன செய்வது? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், போனைத் தொடாதீர்கள். மூன்று வருடம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தீர்கள், இப்போது நீங்கள் ஒருக்களித்துத் திரும்பிப் படுங்கள். கால் கட்டைவிரலில் ஆரம்பித்துப் பாதம், கணுக்கால், முழங்கால் என்று கவனத்தை மெதுவாக மேலே கொண்டு வாருங்கள். இடுப்பு வரும் முன்பே தூங்கிவிட்டால் அதுதான் வெற்றி. இருபது நிமிடம் போலாகியும் தூக்கம் வராவிட்டால் ஹாலுக்கு வந்து மங்கலான விளக்கில் சும்மா உட்காருங்கள், பழைய வாரப் பத்திரிகை எதையாவது புரட்டுங்கள், கண் சொருகியதும் போய்ப் படுங்கள்.

இன்னொன்று. 48 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் தூக்கத்தைக் கலைக்கும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். நெஞ்சை அடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது அழுகையாகத்தான் இருக்கும். ஆனாலும் மூன்று வருடமாக மருத்துவரிடம் அம்மாவை மட்டும் காட்டிக்கொண்டிருந்தவர் தன்னைக் காட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்பது என் அனுபவம்.

அப்புறம் அந்த எட்டு நிமிடம். அதை ஏதோ பரீட்சையில் தோற்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செயலிகள் ஒரு தவறான எண்ணத்தை ஊரெல்லாம் பரப்பிவிட்டன: தியானம் என்றால் அலைச் சத்தம் பின்னணியில் ஒலிக்க மனம் காலியாகி நிம்மதி வந்துவிட வேண்டும் என்று. புத்தர் சொல்லிக்கொடுத்த ஆனாபானசதி, மூச்சைக் கவனித்தல், மனதைக் காலி செய்யச் சொல்லவில்லை. மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று அறி, குட்டையாக வந்தால் குட்டை என்று அறி என்றுதான் அது ஆரம்பிக்கிறது. கவனிக்க வேண்டியவை என்று அவர் வகுத்தவை நான்கு: காயம், வேதனை, சித்தம், தம்மம். உடம்பு, உணர்ச்சி, மனநிலை, மனதில் எழும் பொருள்கள். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் வேதனை என்றால் வலி மட்டும் கிடையாது. இன்பமாக, துன்பமாக, இரண்டுமில்லாமல் படுகிற எல்லா உணர்வும் வேதனைதான். தமிழில் அந்தச் சொல் சுருங்கி வலிக்கு மட்டும் ஆகிவிட்டது.

துக்கம் என்ற சொல்லுக்கும் அதே கதிதான். பாலியில் அதற்கு விரிந்த பொருள்: பிறப்பு, மூப்பு, நோய், பிரிவு, நினைத்தது நடக்காதது, நடந்தாலும் நிலைக்காதது எல்லாம் துக்கம். நமக்கு அது சாவு வீடு. ஆனால் தமிழில் ஓர் அருமையான வழக்கு இருக்கிறது, துக்கம் விசாரிப்பது. ஏழு மாதம் முன்பு உங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் துக்கம் விசாரிக்க வந்திருப்பார்கள்! ஒவ்வொருவருக்கும் நாற்காலி போட்டு, கடைசி நாள் எப்படி இருந்தது என்று முதலிலிருந்து சொல்லி, போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்களை வாசல் வரை பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். பதினாறாம் நாள் முடிந்து வங்கிக்குப் போயிருப்பீர்கள். உங்கள் துக்கத்தை நீங்கள் எப்போது விசாரித்தீர்கள்?

சாரநாத்தில் புத்தர் செய்த முதல் உபதேசத்தில் நான்கு உண்மைகளைச் சொன்னார் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஒவ்வோர் உண்மைக்கும் ஒரு வேலையையும் சேர்த்துச் சொன்னார் என்பதுதான் பலர் கவனிக்காதது. விட வேண்டியது வேட்கை, இரண்டாவது உண்மை. துக்கம் முதலாவது, அதை முழுதாக அறிய வேண்டும் என்கிறார். நாம் மாற்றிச் செய்கிறோம். துக்கத்தை விரட்டப் பார்க்கிறோம், அது என்ன என்று உட்கார்ந்து கேட்பதில்லை. உங்களுடைய எட்டாவது நிமிடத்தில் வருவது அதுதான். இடையூறு வந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிடுகிறீர்கள்.

கிசாகோதமி கதையை இந்நேரம் யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம், சாவு நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார் புத்தர் என்று. துக்கத்தில் இருப்பவரிடம் "எல்லார் வீட்டிலும்தான் சாவு" என்று வாயடைக்க இந்தக் கதையைப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கதையைச் சரியாகப் பாருங்கள். அவர் எடுத்ததும் அவளுக்கு உபதேசம் எதுவும் செய்யவில்லை. வீடு வீடாக அனுப்பினார். ஒவ்வொரு வாசலிலும் அவள் நின்று கேட்டாள், அவர்கள் தங்கள் வீட்டுச் சாவைச் சொன்னார்கள். ஊர் முழுக்கத் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் அவளால் குழந்தையைக் கீழே வைக்க முடிந்தது. அந்த நடைக்கு ஆன நேரத்தைக் கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை.

அதற்காக அழுகை வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லவில்லை. என் யோசனை வேறு: ஆறு நிமிடத்தில் நிறுத்துங்கள். எட்டு வரை போகாதீர்கள். தரையில் சம்மணம் போட வேண்டுமென்பதில்லை, நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொள்ளலாம். மூக்கு நுனியில் காற்று படுவதைக் கவனியுங்கள், முடியவில்லை என்றால் பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்று. அழுகை வந்தால் கண்ணைத் திறந்து அறையில் இருக்கும் ஐந்து பொருள்களை மெதுவாகப் பாருங்கள், நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கண்ணீர் வந்தால் வரட்டும், துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூச்சு கவனித்துவிட்டு எழுந்திருங்கள். நடுவில் ஓடாமல், முடித்துவிட்டு எழுந்தோம் என்ற பழக்கம் உடம்புக்கு வர வேண்டும். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும்.

உட்காரவே முடியாத நாள் வரும். அன்று மொட்டை மாடிக்குப் போங்கள். பத்தடி நேராக நடந்து, நின்று, திரும்பி, மறுபடி பத்தடி. குதிகால் படுகிறது, விரல் படுகிறது, எடுக்கிறேன், வைக்கிறேன், அவ்வளவுதான். பௌத்த மடங்களில் நடை தியானம் உட்காருவதற்குச் சமமான பயிற்சி. துக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எனக்கான பாதை எது என்கிறீர்கள். சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் நினைக்கிற அளவு இது இப்போது முக்கியமில்லை. விபஸ்ஸனா என்று இங்கே பரவியிருப்பது பர்மா வழியாக வந்த தேரவாத முறை, அதாவது பழைய பாலி நூல்களைப் பின்பற்றும் பௌத்த மரபு: மூச்சு, அப்புறம் உடம்பெங்கும் எழும் உணர்வுகளைக் கவனிப்பது. ஜென் சீனா, ஜப்பான் வழியாக வந்தது: உட்காருவதே பயிற்சி, சில மரபுகளில் விடையில்லாத ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. திபெத்திய மரபில் மந்திரம், உருவ தியானம், குருவின் மேல் பக்தி எல்லாம் உண்டு. பக்தியில் வளர்ந்த நம் ஆட்கள் சிலருக்கு அது சட்டென்று ஒட்டும். மூன்றிலும் ஆரம்பப் படி, சிதறுகிற கவனத்தை ஓரிடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவதுதான். ஒன்றை எடுத்து மூன்று மாதம் செய்யுங்கள். செயலியில் இன்று ஒரு குரல், நாளை ஒரு குரல் என்று மாற்றுவது, கிணறு வெட்டுகிறேன் என்று ஊரெல்லாம் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி வைப்பது மாதிரி.

மணிமேகலை நினைவுக்கு வருகிறாள். வஞ்சி நகரில் அவள் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி என்று ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எல்லாம் கேட்ட பிறகுதான் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருமம் கேட்டுத் தவம் பூணுகிறாள். ஆனால் காப்பியத்தின் வரிசையைப் பாருங்கள். தத்துவம் கேட்பதற்கு ரொம்ப முன்பே அமுதசுரபி அவள் கைக்கு வந்துவிடுகிறது. காணார், கேளார், கால் முடப்பட்டோர் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டுத்தான் அவள் கேள்வி கேட்கப் போகிறாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் ஆன்மிகம் என்பது அம்மா போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. வயிற்றுப்போக்கு வந்த ஒரு பிக்கு தன் மலத்திலேயே விழுந்து கிடக்கிறார். மற்ற பிக்குகள் யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தன் சீடர் ஆனந்தரை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தர் பிடிக்க, கால்பக்கம் ஆனந்தர் பிடிக்க, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். என்னைக் கவனிக்க நினைப்பவர் நோயாளியைக் கவனிக்கட்டும் என்று அப்போதுதான் சொல்கிறார்.

"தலைப்பக்கம் நான், கால்பக்கம் என் கணவர்" என்ற உங்கள் வரியைப் படித்ததும் எனக்கு இந்தக் காட்சிதான் வந்தது. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த மூன்று வருடத்தில் எரிச்சல்பட்ட ராத்திரிகளும் இருந்திருக்கும், "எப்போதுதான் முடியும்" என்று நினைத்த ராத்திரியும் ஒன்றாவது இருந்திருக்கும். அப்படி நினைக்காதவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. எட்டாவது நிமிடத்தில் நெஞ்சை அடைப்பது அந்த நினைப்பாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அதைத் தனியாகத் தியானத்தில் சுமக்காதீர்கள். யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தோழி, அக்கா, என்னைப் போல ஓர் ஆலோசகர், யாராக இருந்தாலும் சரி.

உங்கள் கணவரிடமும் சொல்லலாம். அவரைப் பாதைக்குக் குறுக்கே நிற்கிறவராக எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடம் மாமியாரின் காலைப் பிடித்துத் தூக்கிய மனிதர் அவர். நம் ஊரில் அது அவ்வளவு சாதாரணமாக நடக்கிற காரியமா? உங்களோடு சேர்ந்து அவரும்தான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறார். இப்போது அவருக்கும் விழிப்பு வருகிறதா என்று என்றாவது கேட்டீர்களா? "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்று அவர் சொல்வதில் எனக்குக் கேலி கேட்கவில்லை. மூன்று வருடம் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றவர், இனிமேலாவது மனைவி தன் பக்கம் இருப்பாள் என்று காத்திருந்திருக்கிறார். நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முகாம் பேச்சை எடுக்கும் முன் இந்தப் பேச்சை எடுங்கள்.

நம்ம ஊரில் இல்லாத சாமியா என்ற அவர் கேள்விக்கு மட்டும் நான் பதில் வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்குங்கள். பாந்தியன் சாலை அருங்காட்சியகத்தில் அமராவதி ஸ்தூபத்தின் சிற்பங்கள் இருக்கின்றன, அப்புறம் வெண்கலக் கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்கள். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகையில் சூடாமணி விகாரம் கட்ட, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழன் தானமாகக் கொடுத்தான். அந்த நாகைப் புத்தர்கள் சிலருக்குத் தலையில் சுடர் மாதிரி ஒன்று எழும்பி நிற்கும், அதை நின்று பாருங்கள். வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. வெளியே வந்து எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் கென்னட் லேனுக்குள் நடந்தால் மகாபோதி சங்கத்தின் விகாரம் இருக்கிறது. இலங்கையிலிருந்து புத்தகயா போகிற யாத்ரிகர்கள் அங்கே தங்கிப் போவார்கள். வெள்ளை உடுத்திய இலங்கைப் பாட்டிமார்கள் பூவும் கையுமாக நிற்பதைப் பார்த்தால் உங்கள் கணவருக்கு நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில் வரிசைதான் ஞாபகம் வரும்.

இதே சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். கல்லூரியில் அறிவியல் கற்பித்த லட்சுமி நரசு 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதினார். அவர்களுக்கும், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கரோடு தீட்சை பெற்ற லட்சக்கணக்கானவர்களுக்கும் பௌத்தம் என்பது சாதியைத் தூக்கி எறிகிற வழி, தன்மானம். தூக்க மாத்திரைக்குப் பதிலாக வந்த விஷயமாக இதைச் சுருக்கிவிடக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் வார இறுதிக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி உட்கார வைக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை குறைவு.

மதம் மாறுவதைப் பற்றி. தியானம் செய்ய யாரும் மாற வேண்டியதில்லை. முறைப்படி பௌத்தராவது என்றால் புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைந்து ஐந்து சீலங்களை, அதாவது ஒழுக்க விதிகளை, ஏற்பது. ஒருநாள் அது உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் செய்யலாம். ஆனால் துக்கத்தின் முதல் வருடத்தில் வீட்டை விற்பது, வேலையை விடுவது, பெயர் மாற்றுவது, மதம் மாறுவது எதுவும் வேண்டாம் என்பது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது. கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்று ஒரு ஜென் தியான மையம் இருக்கிறது. அதை நிறுவிய ஆமா சாமி ஒரு ஏசு சபைப் பாதிரியார். ஜென் கற்று ஜென் ஆசிரியரான பிறகும் அவர் பாதிரியார்தான்.

விளக்கேற்றுவது பொய் மாதிரி இருக்கிறது என்றீர்கள். அந்தச் சங்கடத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்காக விளக்கை நிறுத்த வேண்டாம். அம்மா கற்றுக்கொடுத்த விளக்காக இருக்கும். காலையில் நேற்றைய வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பீர்கள் இல்லையா? தேரவாத நாடுகளில் புத்தருக்குப் பூ வைக்கும்போது பாலியில் ஒன்று சொல்வார்கள்: இந்தப் பூ வாடுவது போல என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்று. அதை உங்கள் பூஜை அறையிலேயே நிர்மாலியம் எடுக்கும்போது மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக முகாம். நீங்கள் நினைப்பது கோயங்கா மரபில் நடக்கும் பத்து நாள் முகாம் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் அதற்கு திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் இருக்கிறது. கோயங்கா பர்மாவில் பிறந்து வளர்ந்த இந்திய வணிகர், தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடித் தியானத்துக்கு வந்தவர். அவருடைய ஆசிரியர் உ பா கின் துறவி இல்லை, பர்மா அரசின் அக்கவுன்டன்ட் ஜெனரல். அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தவர். வங்கிக்காரரான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். 1969-இல் இந்தியா வந்து மும்பையில் கோயங்கா நடத்திய முதல் முகாமில் உட்கார்ந்தவர்களில் அவருடைய பெற்றோரும் உண்டு.

முகாமுக்குக் கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளில் பத்து மணி நேரம் போலத் தியானம். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, ஒன்பது நாள் யாரோடும் பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாள் விபஸ்ஸனா. சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு பத்து நாள் முகாமில் இருந்தேன். மூன்றாம் நாள் மதியம் முழங்கால் வலியில் உலகத்திலேயே எனக்கு வேண்டியது ஒரு டம்ளர் டிகிரி காபி என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். ஐந்தாம் நாள், இருபது வருடம் முன்பு இறந்த என் மாமா நினைவுக்கு வந்து ஒரு மணி நேரம் தேம்பினேன். பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் துக்கத்துக்கு இருபது வயது. உங்களுடையதற்கு ஏழு மாதம்.

வீட்டில் எட்டு நிமிடத்தில் நெஞ்சை அடைக்கிறவரைப் பேச்சுத் துணையில்லாமல் பத்து நாள் உட்கார வைத்தால், சிலருக்கு அது இளகும், சிலருக்குப் பதற்றமும் தூக்கமின்மையும் கூடிவிடும். இரண்டு வகையினரையும் பார்த்திருக்கிறேன். சோணர் என்ற பிக்கு பாதத்தில் ரத்தம் வரும்வரை நடந்து தியானம் செய்து, பலனில்லை, வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தார். புத்தர் அவரிடம் கேட்டது வீணையைப் பற்றி, ஏனென்றால் சோணர் துறவுக்கு முன் வீணை வாசித்தவர். தந்தியை அளவுக்கு மேல் முறுக்கினால் வீணை பேசுமா, தளர்த்திவிட்டால் பேசுமா என்று கேட்டார். நீங்கள் மூன்று வருடம் முறுக்கி வைத்த தந்தி.

அதனால் என் யோசனை: வருஷ திதி முடியட்டும். துக்க வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை, கோலம் இல்லை என்று வைத்தவர்கள் மனதுக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் தினசரி உட்காருவது பதினைந்து, இருபது நிமிடம் வந்துவிடும், தூக்கமும் சரியாகியிருக்கும். அப்போது கணவரிடம் சொல்லிவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு இல்லாமல், போய் வாருங்கள். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம், சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்பார்கள். எதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதுவரை தனியாகச் செய்யக் கஷ்டமாக இருந்தால், 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி முறை இருக்கிறது. பௌத்த தியானத்திலிருந்து எடுத்ததுதான். வாரம் ஒரு நாள் குழுவாக உட்கார்ந்து பேசவும் இடம் உண்டு. உங்களுக்கு இப்போது அதுதான் பொருந்தும்.

யாரிடம் கற்றாலும், மாத்திரையை நிறுத்து, குடும்பத்தை விடு, இங்கே நடப்பதை வெளியே சொல்லாதே என்று ஒருவர் சொன்னால் அங்கேயே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் தொடர்ந்து தவறு வருகிறது, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றுகிறது என்ற நிலை வந்தால் ஐந்து மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

தப்பித்து ஓடுகிறீர்களா? கொஞ்சம். காணொளிகளில் ஓடுகிறீர்கள். ஒரு நாளில் புத்தரைப் பற்றிக் கேட்பதற்கு எவ்வளவு நேரம், சும்மா உட்காருவதற்கு எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கணக்கு உங்களுக்குக் கைவந்த வேலை.

ஒன்று கேட்க விட்டுப்போனது. ராத்திரி நீங்கள் உட்காருவது எந்த அறையில் என்று எழுதவில்லை. அம்மா படுத்திருந்த அறையா? அந்தக் கட்டில் இன்னும் அங்கேயே கிடக்கிறதா, எடுத்துவிட்டீர்களா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.